பின்னால் போக வேண்டிய வண்டி

மந்தைவெளியில் அந்தக் கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே மூன்று கார்கள் நிற்க இடம் உண்டு. மூன்றும் மூக்கைச் சுவர்ப்பக்கம் வைத்துத்தான் நிற்கும். சுவரோரமாக ஒரு குழாய், பக்கத்தில் துணி துவைக்கிற கல். தெருவுக்குப் போக வேண்டுமானால் எந்த வண்டியும் பின்னால்தான் போயாக வேண்டும். அதனால் தேசம்மா அந்தக் குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்வதைப் பற்றி யாருக்கும் ஒரு பயமும் இருந்ததில்லை.

அவள் பாலவாக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அன்னக்கூடையைக் கட்டடத்து நிழலில் இறக்கிவிட்டு இரண்டாம் மாடி ஜுவேரியாவுக்குக் குரல் கொடுப்பாள். ஜுவேரியா மேலிருந்தே, "சங்கராவா, நல்லா செதில் எடுத்துடு, போன வாட்டி முள்ளு மாதிரி இருந்துச்சு" என்பாள். முதல் மாடியில் வெங்கடரமணன் வீடு. அங்கே மீன் புழங்காது. ஆனாலும் அபயாம்பாள் கீழே வரும்போதெல்லாம் தேசம்மாவோடு நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். மழை, பஸ், மருமகள், விலைவாசி என்று ஏதாவது இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள் அது. மேற்கு மாம்பலத்தில் உறவுக்காரர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். வெங்கடரமணன் மாட வீதி வரை போய் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். மனைவி நனையாமல் ஏறட்டும் என்று வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தார். அபயாம்பாள் பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"தேசம்மா, மாமி ஏற இடம் பத்தாது, வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுக்கறேன்" என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

"எடு சார். நீ அப்பால போற, எனக்கின்னா" என்று தேசம்மா சொன்னதும் கேட்டது.

அதற்குப் பிறகு கேட்டது இரும்பு கல்லில் மோதிய சத்தம். ஒரே ஒரு "ஐயோ".

அபயாம்பாள் இறங்கி ஓடினாள். வண்டியின் முன்பக்கம் துவைக்கிற கல்லில் ஏறி நின்றது. கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே தேசம்மாவின் வலது கால். தரையெல்லாம் சங்கரா மீன். ஆனால் அபயாம்பாள் மனதில் கடைசிவரை போகாமல் நின்றது வேறொன்று. வெங்கடரமணன் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தை இன்னும் பின்பக்கம் திருப்பி, பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்குத் தேசம்மா, "வழுக்கி உயுந்துட்டேன், கல்லு மேல உயுந்துச்சு" என்றாள். அபயாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்ஸ் நகர்ந்ததும் கேட்டாள்.

"ஏன் தேசம்மா அப்படிச் சொன்னே?"

"கேசுன்னா நான்தான மாமி அலையணும். ஒடஞ்ச காலோட எங்க அலையறது." வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. "சார் பின்னாடி போறேன்னு சொல்லி முன்னாடி வந்துட்டாரு. அவுருக்கு இன்னா ஆச்சு?"

அந்தக் கேள்வியைத்தான் அபயாம்பாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

வெங்கடரமணன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே லைன் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவர் உத்தியோகம். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் ரிவர்ஸ்தான் போட்டேன் அபயம்." மறுநாள் அதையே, "ரிவர்ஸ்தான் போட்டேன்னு நினைக்கறேன்" என்றார். அதற்கு மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியைக் கால்வாய்க் கரையில் ஷெட் வைத்திருக்கும் அக்பர் பாஷா எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்து மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கொண்டுவந்து தெருவோரம் நிறுத்திவிட்டு, மேலே வந்தார். வெங்கடரமணன் உள்ளே படுத்திருந்தார். அக்பர் பாஷா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமி, முன்னாடி நசுங்கினத எடுத்துட்டேன். கியரும் பாத்துட்டேன். போட்டுப் போட்டு எடுத்துப் பாத்தேன், ரிவர்ஸு கரீட்டா விழுது. கிளட்ச்சு நல்லா கீது. ஆயிலு கொஞ்சம் கம்மி, ஊத்திட்டேன்."

"அந்த ஆயில் கம்மியானதாலதான் இப்படி ஆச்சா?"

"அது கம்மின்னா கியர் விழாம கரகரன்னு கத்தும் மாமி. வண்டி முன்னாடி போவாது."

"பின்னே?"

அவர் மூடிய அறைக்கதவைப் பார்த்தார். "இந்த வண்டில ஒண்ணாம் கியருக்குப் பக்கத்துலயே ரிவர்ஸு. குச்சில ஒரு வளையம் கீதுல்ல, அதத் தூக்கிக்கினு இடது பக்கம் தள்ளிப் போடணும். வளையத்தத் தூக்காம போட்டா ஒண்ணுல போய் உக்காந்துக்கும். அவசரத்துல அப்பிடி ஆவும். சாருக்கும் வயசாவுதில்ல."

"அவர் இந்த வண்டியை எத்தனை வருஷமா ஓட்டிண்டிருக்கார்."

"அதான் மாமி எனக்கும் ஒரு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார்.

ஹைதராபாத்திலிருந்து மகன் சாய்நாத் வந்தான். அப்பாவின் எதிரில் ஒன்றும் பேசவில்லை. சமையலறையில் அம்மா வத்தக்குழம்புக்கு வறுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"பெரியப்பாவுக்கும் இப்படித்தானேம்மா ஆரம்பிச்சது?"

அவள் அடுப்பைத் தணித்தாள். வெங்கடரமணனின் அண்ணா கடைசியில் மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேடிக்கொண்டு போன மன்னியைப் பார்த்து, "நீங்க யாராத்து மாமி?" என்று மரியாதையாகக் கேட்டார். மன்னி அதைச் சொல்லும்போது அழக்கூட இல்லை.

"இவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்றாள் அபயாம்பாள்.

"மோட்டாரைப் போட்டுட்டு மறந்து தொட்டி வழிஞ்சதுன்னு நீதானே சொன்னே?"

"எல்லாராத்துலயும் வழியறது."

"டாக்டரைப் பாத்துடலாம்மா. நான் நேரம் வாங்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் சாவி அவர் கைக்குப் போக வேண்டாம். இன்னிக்குக் கால். நாளைக்கு யாரோட உசிரோ."

அவன் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அபயாம்பாள் கணவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் கவனித்தாள். பேப்பர் வந்தாச்சா என்று அவர் இரண்டு முறை கேட்டால் எண்ணிக்கொண்டாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடினால் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவர் தேடுகிற கண்ணாடிதான் அது. இப்போது அதுவும் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

அவரும் தன்னையே கவனித்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு காலையில் தெரிந்தது. குளியலறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துப் போனவள் நின்றாள். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, கஸ்தூர்பா நகர்..."

குரல் நின்றது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு..."

மறுபடி நின்றது. அபயாம்பாள் கரண்டியோடு நடையில் நின்றாள். கோட்டூர்புரம், கோட்டூர்புரம் என்று வாய்க்குள் சொன்னாள். உள்ளே நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "கோட்டூர்புரம்" என்று சின்னக் குரலில் வந்தது. அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

அன்று சாப்பிடும்போது அவர் கேட்டார். "ஏன் அபயம், அன்னிக்கு நான் என்ன பண்ணேன்னு நீ பாத்தியோ?"

"இல்லைன்னா. பூட்டிண்டிருந்தேன்."

"யாராவது பாத்திருந்தா தேவலை." மோரை ஊற்றாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ் போட்டா பின்னால அந்தப் பாட்டு வருமோன்னோ? அன்னிக்கு வரலை. அது வரைக்கும் நன்னா ஞாபகம் இருக்கு. ஏன் வரலைன்னுதான் தெரியலை. நான் தப்பாப் போட்டேனா, அது தப்பா விழுந்துதா?"

அபயாம்பாள் அன்று இரண்டு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"தேசம்மாவைப் பாத்துட்டு வரலாம். கிளம்புங்கோ."

"ஆட்டோ கூப்பிடு."

"நீங்கதான் ஓட்டறேள். நான் பக்கத்துல உக்காந்து உங்க கையையே பாத்துண்டு வரேன். எதுவா இருந்தாலும் என் கண்ணால பாத்துடறேன். என்னால இப்படி இருக்க முடியலை."

அவர் சாவியை வாங்கவில்லை. அவள் அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

வண்டி தெருவில் நின்றதால் புறப்பட ரிவர்ஸ் தேவைப்படவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அடையாறு பாலம் வரைக்கும் ஊர்ந்துதான் போக முடிந்தது. ரோட்டைத் தோண்டித் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். அவர் இருபதுக்கு மேல் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் பக்கத்தில் வந்து திட்டிவிட்டுப் போனான். அபயாம்பாளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. அவருடைய இடது கையைத்தான் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நரம்பு புடைத்த அந்தக் கை ஒருதடவைகூடத் தடுமாறவில்லை. ஆனாலும் யாராவது குறுக்கே வந்தபோதெல்லாம் அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது. திருவான்மியூர் தாண்டும்போது முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலவாக்கத்தில் தேசம்மாவின் வீடு ஒரு குறுகலான தெருவின் கடைசியில் இருந்தது. தெரு மணலில் முடிந்தது. அதற்கப்பால் கவிழ்த்துப்போட்ட இரண்டு ஃபைபர் படகுகள், வலைக் குவியல், கடல். திருப்ப இடமில்லை. திரும்பிப் போவதென்றால் பின்னாலேயே போக வேண்டும்.

தேசம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டியின்மேல் நீட்டியிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அந்தக் காலை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை. முகம் சுருங்கியது.

"இந்த வண்டிலயா வந்தீங்க? அவுரா ஓட்டினாரு?"

"ஆமாம் தேசம்மா."

"இன்னா தெகிரியம் மாமி உனக்கு."

அபயாம்பாள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தையும் ஹார்லிக்ஸையும் வைத்தாள். வெங்கடரமணன் கொஞ்சம் தள்ளி வெயிலில் நின்றார்.

"வலி எப்படி இருக்கு?"

"வலி பரவால்ல. உள்ள அரிக்குது, அதான் தாங்கல. எம்மவன் பாரத்து கடலுக்குப் போய்க்கினு கீறான். மருமவ வலைக்கும் போவணும், என்னையும் தூக்கி உக்கார வைக்கணும். அது வாயே தொறக்காம செய்யுது. திட்டினாக்கூட நல்லா இருக்கும்." அவள் கடல்பக்கம் பார்த்தாள். "மந்தைவெளில என் எடத்துல வேற ஒருத்தி கூடைய எறக்கிட்டாளாமே?"

"ஜுவேரியா அவகிட்ட வாங்கலை. நீ வரவரைக்கும் வாங்க மாட்டேன்னா."

"ஒரு மாசம் வாங்காம இருப்பாங்க. அப்பால?" என்றாள் தேசம்மா.

புறப்படும்போது தேசம்மா குரலை உயர்த்தினாள். "ஏய், அந்தப் படகாண்ட யாரும் நிக்காதீங்க. எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. அந்த வண்டி எந்தப் பக்கம் போவும்னு அதுக்கே தெரியாது." வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

வெங்கடரமணன் உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டார். கை கியர்க் குச்சியின்மேல் போய், அங்கேயே நின்றது.

"எனக்குப் பயமா இருக்கு அபயம்."

"நான் பாத்துண்டிருக்கேன். மெதுவாப் போடுங்கோ."

அவர் கிளட்சை மிதித்தார். விரல் வளையத்தைத் தூக்கியது. அவள் குனிந்து பார்த்தாள், வளையம் மேலே ஏறியிருந்தது. குச்சி இடது பக்கம் கடைசிவரை போயிற்று. முன்னால் தள்ளினார். விழுந்தது. குச்சி ரிவர்ஸில் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை.

பாட்டு வரவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். "பாட்டு வரலை."

"வேண்டாம், எடுக்காதீங்கோ. அப்படியே கிளட்சை மட்டும் கொஞ்சமே கொஞ்சம் விடுங்கோ. ஒரு கால் பிரேக்லயே இருக்கட்டும்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் போயிற்று. மணலில் ஏறியது. படகின் மூக்கு கண்ணாடியை நோக்கி வந்தது. யாரோ கத்தினார்கள். பிரேக் பிடித்து எஞ்சின் அணைந்தபோது படகுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடமிருந்தது.

குச்சி இன்னும் ரிவர்ஸில் இருந்தது. அதன்மேல் அவர் கை இருந்தது. அபயாம்பாள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அவள் சிரித்தாள்.

"உங்க கை சரியாத்தான் போட்டுதுன்னா. நான் பாத்தேன். வண்டிதான். வண்டிதான் தப்பு."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

போன் போட்டதும் அக்பர் பாஷா பைக்கில் வந்தார். பானெட்டைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் கையை விட்டுத் துழாவினார். வெங்கடரமணனைக் குச்சியை அசைக்கச் சொல்லி, கீழே எது அசைகிறது என்று பார்த்தார். கை சுட்டது போலிருக்கிறது, உதறிவிட்டு மறுபடி விட்டார்.

"கெடைச்சுச்சு மாமி. குச்சிலேர்ந்து கியர் பாக்ஸுக்கு கேபிளு போவுது. அதோட முனைல ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷு கீது. வெடிச்சுப் போயி கீது. வண்டி சூடாச்சுன்னா எளகி நவுந்துக்குது. மேல சார் ரிவர்ஸ் போடறாரு, கீழ போய் ஒண்ணுல விழுது." எழுந்து நின்று கையைத் துணியில் துடைத்தார். "அன்னிக்கி ஷெட்டுல வண்டி ஆறிப்போயிருந்திச்சு. கரீட்டா விழுந்திச்சு. சூடு பண்ணிப் பாத்திருக்கணும், பாக்கல. சாருக்கு வயசாயிடுச்சுன்னு வேற சொல்லிட்டேன்."

"நீ என்ன பண்ணுவே பாஷா. நாங்களும்தான் நம்பிட்டோம்" என்றாள் அபயாம்பாள். அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. ஹைதராபாத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்று மனம் பறந்தது.

அக்பர் பாஷா கம்பி சுற்றி அந்த முனையை இறுக்கினார். அவரே உட்கார்ந்து கியர் போட்டார். பாட்டு வந்தது. வண்டி மணலைவிட்டுப் பின்னால் நகர்ந்து தெருவில் நேராக நின்றது.

"வாங்கோன்னா, போலாம்."

வெங்கடரமணன் வரவில்லை. படகில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அபயம், இது முதல் தடவை இல்லை."

அவளுக்குப் புரியவில்லை.

"பனகல் பார்க்கிட்ட ஒருதடவை இப்படி ஆச்சு. முன்னால நின்ன ஆட்டோவை இடிக்காம பிரேக் போட்டேன். அப்புறம் மந்தைவெளி மார்க்கெட்ல ஒருதடவை. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு நினைச்சேன். அண்ணா ஞாபகம் வந்துடுத்து. யார்கிட்டயும் சொல்லலை. பாஷாகிட்ட காமிச்சா, வண்டில ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுவானோன்னு பயம்."

அபயாம்பாளின் சிரிப்பு முகத்திலேயே நின்று, மெல்லப் போயிற்று. அவர் அவளைத் தாண்டி நாற்காலியை நோக்கி நடந்தார். தடுக்கலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தடுக்கவில்லை.

தேசம்மாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டோவை, மார்க்கெட்டை, மறைத்ததை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ மின்னாடியே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"புத்தி போயிண்டிருக்கோன்னு பயம் தேசம்மா."

"எனக்குந்தான் பயமா கீது. இந்தக் கட்டுப் பிரிச்சா காலு நிக்குமா நிக்காதான்னு. கூடைய தூக்கினு பஸ்ஸு ஏற முடியுமான்னு. யாராண்டயும் சொல்லல. நான் சொல்லாம வெச்சிக்கினா எவுரு காலும் ஒடையல. நீ சொல்லாம வெச்சிக்கின, என் காலு ஒடஞ்சிச்சு."

அவர் தலை குனிந்தார்.

"அடுத்த மாசம் மொதோ திங்கக்கெழம கட்டுப் பிரிக்கறாங்க" என்றாள் தேசம்மா. "மருமவளுக்கு வேல கீது. நீ வா. கூட நில்லு."

"வரேன்."

"வண்டி எடுத்தாராத. ஆட்டோல வா."

அன்று வீட்டுக்கு அக்பர் பாஷாதான் ஓட்டினார். சாய்நாத் போனில், "அப்போ டாக்டர் வேண்டாமாம்மா?" என்று கேட்டபோது வெங்கடரமணன் போனைக் கையில் வாங்கி, "வேணும்டா. அதையும் பாத்துடலாம். தெரியாம பயந்துண்டிருக்கறதுதான் ஆபத்து" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மழை கொட்டியது. ஆட்டோவின் பக்கத்துத் திரையை இறக்கிவிட்டு அவரும் அபயாம்பாளும் தேசம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். கட்டை வெட்டி எடுத்தபோது கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய காலோ போலிருந்தது. தேசம்மா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். டாக்டர், "பிடிச்சுக்கிட்டு நின்னு பாருங்கம்மா" என்றார்.

அவள் வெங்கடரமணனின் கையைப் பிடித்தாள். கூடை தூக்கிக் காய்த்த விரல்கள் அவர் மணிக்கட்டில் இறுகின. நல்ல காலை ஊன்றினாள். மற்றக் காலைத் தரையில் வைத்தாள். அதன்மேல் கொஞ்சம் பாரம் போனது. அபயாம்பாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். இரண்டும் நடுங்கின.

"நீ ஆடாத சார்" என்றாள் தேசம்மா. "நான் உயுந்துருவேன்."